வசனத்தை எடுத்தாய், அதிகாரத்தைப் படித்தாயா?

("ஞானத்தை எங்கே தேடுவது?" என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கத்தில், நெகிரி செம்பிலான் ரஹாங்கைச் சேர்ந்த பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரர் பகவத் கீதையை எடுத்துக்காட்டிப் பேசினார். அவருக்கு முன்னால் பேசிய அம்மா திருக்குறளை எடுத்துக்கொண்டார். நான் ஒரு கிறிஸ்தவத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவள். எனவே எனக்குத் தெரிந்த வேதாகமத்தை வைத்துத்தான் பேச முடியும். யாரையும் மதம் மாற்ற நான் இங்கே நிற்கவில்லை. ஒரு வேதத்தை எப்படிப் படித்தால் புத்தி வரும், எப்படிப் படித்தால் இருக்கிற புத்தியும் போய்விடும் என்று என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ரஹாங் என்றால் இன்றைக்குச் சிரம்பான் நகரத்தோடு ஒட்டிப்போன ஒரு குடியிருப்புப் பகுதி. நான் பிறந்தது அங்கிருந்து சற்றுத் தள்ளி, ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். என் பாட்டி, அதாவது அப்பாவைப் பெற்றவர், பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னே பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பத்து வயதிலேயே வேலைக்குப் போனவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவருடைய அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தபோது தகரப் பெட்டியில் கொண்டுவந்த கறுப்பு அட்டை வேதாகமம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. பாட்டி அதைத் தினமும் துடைத்து வைப்பார். ஆனால் அதில் ஓர் எழுத்துகூட அவருக்குத் தெரியாது.

பேத்தியிடம் படித்த பாட்டி

1971-இல் நான் முதலாம் வகுப்பில் சேர்ந்தேன். மத்தியானம் பள்ளிவிட்டு வந்து, லயத்து வாசல் மண்ணில் விரலால் 'அ' போட்டுப் பார்ப்பேன். அப்போது பாட்டிக்கு ஐம்பது வயது. ஸ்டோரில் பால் நிறுத்துப் போட்டுவிட்டு, குளித்துவிட்டு வந்தவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"ஏம்மா, அதைத் திரும்பப் போடு."

போட்டேன். பாட்டியும் போட்டார். மங்கு துடைத்து, உளி பிடித்துக் காய்த்துப்போன விரல். என்னைவிட அழகாகப் போட்டார்.

என் வகுப்பு ஆசிரியர் காலையில் எனக்குக் கற்றுக்கொடுத்ததை மத்தியானம் நான் பாட்டிக்குக் கற்றுக்கொடுத்தேன். இரண்டு வருடத்தில் பாட்டி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு நானாகப் போய் உட்கார்ந்து அவரிடம் கதை கேட்க வேண்டிய நிலை வந்தது!

பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், இந்த வேதாகமம் தமிழில் வந்த கதையே இப்படித்தான் தொடங்கியது என்று. 1706 ஜூலையில் பர்த்தலோமேயு சீகன்பால்கு என்ற ஜெர்மானியர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வயது 24. தமிழில் ஒரு சொல் தெரியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊர் வாத்தியார் ஒருவரை ஏற்பாடு செய்து, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி எழுத்துப் படித்தார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனியக் கோட்டை அதிகாரியோடு தகராறு வந்து, நான்கு மாதம் சிறையில் இருந்தார். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பை முடித்தார். 1715-க்குள் அது தரங்கம்பாடியிலேயே அச்சாகிவிட்டது.

அடுத்துப் பழைய ஏற்பாட்டை எடுத்தார். ஆதியாகமத்தில் தொடங்கி ரூத் புத்தகம் வரை வந்தார். 1719-இல் இறந்துபோனார். வயது 36. மீதியைப் பெஞ்சமின் சூல்ச் என்பவர் முடித்தார். பிறகு பப்ரிசியுஸ் வந்து திருத்தினார். அதற்குப் பிறகு ஹென்றி பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, 1871-இல் ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது. எங்கள் பாட்டியின் தகரப் பெட்டியில் இருந்தது அந்த வழியில் வந்த புத்தகம்தான். 1995-இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பு ஒன்றையும் வெளியிட்டிருக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொட்டு, தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து உழைத்த உழைப்பு அது. அப்படி உட்கார்ந்து எழுதிய புத்தகத்தை, நாம் நின்றுகொண்டே படித்துவிட்டுப் போகப் பார்க்கிறோம். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

கூலிக்காரி படித்த ரூத்

சீகன்பால்கு நிறுத்திய அந்த ரூத் புத்தகம்தான் பாட்டி முழுதாகப் படித்த முதல் புத்தகம். நான்கே அதிகாரம். பாட்டிக்கு ஒரு மாதம் பிடித்தது.

ரூத் யார்? மோவாப் தேசத்துப் பெண். கணவனை இழந்தவள். மாமியார் நகோமியோடு பிழைக்க வழி தேடி வேற்று ஊருக்கு வருகிறாள். அறுவடை நடக்கிற வயலில் அறுக்கிறவர்களுக்குப் பின்னால் போய், சிந்திய கதிரைப் பொறுக்குகிறாள். வயலின் ஓரத்தையும் சிந்தியதையும் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்று மோசேயின் சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தை நம்பித்தான் அவள் போகிறாள்.

இந்தக் கதையைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மாமியார் மருமகள் பாசம் என்பார்கள். நல்ல கதைதான். ஆனால் பாட்டி இரண்டாம் அதிகாரத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்து நிறுத்திவிட்டார். நிலக்காரன் போவாஸ், தன் வேலைக்காரப் பையன்கள் அந்தப் பெண்ணைத் தொடக்கூடாது என்று கட்டளை போட்டிருப்பதாக அவளிடம் சொல்கிற இடம்.

"பாத்தியா? இவன் நல்ல முதலாளி. வயக்காட்டுல தனியா வர்ற பொம்பளைக்கு என்ன பயம்னு இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கான்."

அரங்கத்தில் இருக்கிற தாய்மார்களே, இதை எனக்கு எந்தப் பிரசங்கியாரும் சொல்லித்தரவில்லை. இருட்டோடு இருட்டாகத் தன் நிரைக்கு நடந்துபோன ஒரு பால்வெட்டுக்காரிக்குத்தான் அது கண்ணில் பட்டது. வேதத்தைப் படிப்பது என்றால் இதுதான். மெதுவாகப் படிக்க வேண்டும். தன் வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அப்போதுதான் நூறு முறை கேட்ட கதையில் கேட்காத ஒரு சொல் காதில் விழும்.

அந்தக் கூலிக்காரப் பெண் யாரானாள் தெரியுமா? தாவீது ராஜாவுக்குக் கொள்ளுப்பாட்டி ஆனாள்!

அட்டையில் வந்த வாக்கு

இனிமேல் சொல்லப்போவது எங்கள் குடும்பத்தின் வேதனை. என் அப்பா இப்போது இல்லை. இந்தக் கதையை நான்கு பேருக்குச் சொல்லலாம் என்று அவரே எனக்கு அனுமதி கொடுத்தார்.

1996-இல் அப்பாவுக்கு 55 வயது. வேலையிலிருந்து ஓய்வு. ஊழியர் சேமநிதிப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்தது. முப்பதாயிரம் வெள்ளிக்குச் சற்று மேல். வாழ்நாள் முழுவதும் தோட்டத்தில் உழைத்த உழைப்பு. அதற்குள் நாங்கள் லயத்தை விட்டு ரஹாங்கில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில் தெரிந்தவர் ஒருவர் வந்தார். ஒரு திட்டம் இருக்கிறது, பணம் போட்டால் பதினெட்டு மாதத்தில் இரட்டிப்பு, மாதா மாதம் வட்டியும் உண்டு என்றார். அப்பா யோசித்தார். பாட்டியிடம் கேட்டார். பாட்டி, "வேணாம்பா" என்றார். அம்மாவும் வேண்டாம் என்றார். அப்பா தயங்கிக்கொண்டிருந்தார்.

புத்தாண்டு வந்தது. எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வசனம். கையை விட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வோம். அந்த வருடத்துக்குக் கடவுள் தந்த வார்த்தை என்று அதை வீட்டில் மாட்டி வைப்போம். மனதுக்குத் தெம்பு தருகிற வழக்கம்தான். குறை சொல்லவில்லை.

அப்பா எடுத்த அட்டையில் எரேமியா 29-ஆம் அதிகாரம், 11-ஆம் வசனம் வந்தது. கிறிஸ்தவ வீடுகளில் அநேகமாக எல்லோருக்கும் தெரிந்த வசனம். கடவுள் உங்களைக் குறித்து நினைப்பது தீமைக்கு அல்ல, சமாதானத்துக்குத்தான், உங்களுக்கு நம்பிக்கையான ஒரு முடிவு உண்டு என்கிற பொருளில் வரும்.

அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆண்டவரே சரின்னு சொல்லிட்டாரு."

ஜனவரியில் இருபதாயிரம் வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு மாதம் வட்டி வந்தது. மூன்றாம் மாதம் வரவில்லை. நான்காம் மாதம் அந்த அலுவலகக் கதவில் பூட்டுத் தொங்கியது.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. அப்பா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். "வாக்குக் கொடுத்துட்டு ஏமாத்திட்டாரு" என்று சொல்வார். அந்த அட்டையைக் கிழிக்கவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை. சுவரில் திருப்பி மாட்டி வைத்திருந்தார்.

பாட்டி கேட்ட கேள்வி

பாட்டி ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் பொறுத்திருந்தார். ஒருநாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவைக் கூப்பிட்டார். அப்போது பாட்டிக்கு 76 வயது. கண்ணில் புரை விழுந்து எழுத்து மங்கிவிட்டது.

"அப்பா, எனக்குக் கண்ணு தெரியல. அந்த எரேமியா இருபத்தொன்பதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டு."

"எதுக்கும்மா அது?"

"நீ வசனத்தை எடுத்த. அதிகாரத்தைப் படிச்சியா?"

அப்பாவுக்குப் பதில் வரவில்லை. அம்மாவின் முகத்துக்காக வேதாகமத்தை எடுத்து முதல் வசனத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

அது ஒரு கடிதம். எருசலேமில் இருக்கிற எரேமியா தீர்க்கதரிசி, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட தன் மக்களுக்கு எழுதிய கடிதம். ராஜா போயாயிற்று. தச்சர், கொல்லர் எல்லோரும் போயாயிற்று. மொழி தெரியாத ஊரில், வேற்று ராஜாவின் கீழ் வாழ்கிறார்கள். எப்போது ஊர் திரும்புவோம் என்பதே அவர்களுடைய ஒரே ஏக்கம்.

அந்த ஏக்கத்தைத் தெரிந்துகொண்டு பிழைப்பு நடத்தியவர்களும் இருந்தார்கள். அதற்கு முந்தின அதிகாரத்திலேயே அனனியா என்ற ஒருவன் வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும், எல்லோரும் திரும்பி வந்துவிடலாம் என்று கூட்டத்தில் அறிவிக்கிறான். கேட்பவர்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்!

எரேமியா எழுதுவது வேறு. வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள். நீங்கள் இருக்கிற ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள், அது நன்றாக இருந்தால்தான் நீங்களும் நன்றாக இருப்பீர்கள். உங்களை ஏமாற்றுகிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். எழுபது வருடம் ஆகும்.

அப்பா ஏமாற்றுகிறவர்கள் என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். தொண்டை அடைத்துக்கொண்டது.

"மேல படிப்பா" என்றார் பாட்டி.

எழுபது வருடம் என்ற வரியைத் தாண்டி அடுத்துப் போனால், அட்டையில் வந்த அந்த வசனம் இருந்தது.

யோசித்துப் பாருங்கள், அன்பர்களே. அப்பா நம்பி எடுத்த வசனத்துக்கு மூன்றே வசனத்துக்கு முன்னால், சீக்கிரத்தில் எல்லாம் கிடைக்கும் என்கிறவனை நம்பாதே என்ற எச்சரிக்கை இருந்திருக்கிறது! அதே பக்கம். ஒரே கடிதம். அட்டையில் அதற்கு இடமில்லை. அப்பாவும் புத்தகத்தைத் திறக்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். எழுபது வருடம் என்றால், அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் எத்தனை பேர் திரும்பிப் போயிருக்க முடியும்? அந்த நல்ல முடிவைக் காணப்போவது பெரும்பாலும் பேரப்பிள்ளைகள். எனவே அது ஒரே வருடத்தில் கைக்கு வந்து சேருகிற லாபத்தைப் பற்றிய வாக்கே அல்ல. பொறுமையாக வீடு கட்டி, விதை போட்டு, அடுத்த தலைமுறைக்காகக் காத்திருக்கிறவர்களுக்குச் சொன்ன வாக்கு.

அப்பா வேதாகமத்தை மூடிவிட்டு, "ஆண்டவர் ஏமாத்தலம்மா. நான்தான் பாதியைக் கேட்டேன்" என்றார்.

மறுநாள் அந்த அட்டை நேராகத் திரும்பியது. அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளி வேலைக்குப் போனார். ரஹாங் வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் முருங்கையும் கத்தரியும் போட்டார். யாராவது கேட்டால், "எரேமியா சொன்ன தோட்டம்" என்று சிரிப்பார்.

பிசாசுக்கும் வசனம் தெரியும்

வசனம் தெரிந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். மத்தேயு நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்க வந்த பிசாசும் ஒரு வசனத்தோடுதான் வருகிறான். 91-ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்துச் சொல்கிறான். தேவாலய உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்கிறான். அந்தச் சங்கீதத்தில் அவன் நிறுத்திய இடத்துக்கு அடுத்த வசனத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? சிங்கத்தையும் பாம்பையும் காலால் மிதிப்பதைப் பற்றி இருக்கிறது. தனக்கு வேண்டாத இடம் வருவதற்குள் நிறுத்திக்கொண்டான்!

இயேசு சொன்ன மூன்று பதிலும் உபாகமத்திலிருந்து வருகின்றன. ஒரு புத்தகத்தை மனதில் ஊறப்போட்டு வைத்திருக்கிறவரால்தான் துண்டு வசனத்துக்கு அப்படிப் பதில் சொல்ல முடியும்.

சாலொமோன் ராஜாவின் கதை எல்லோருக்கும் தெரியும். கடவுள் என்ன வேண்டும் என்று கேட்டபோது, செல்வமும் ஆயுளும் கேட்காமல் ஞானம் கேட்டார் என்போம். எபிரேய மூலத்தைப் படித்தவர்கள் ஒன்று சொல்கிறார்கள். அவர் கேட்டதற்கு நேர்ப்பொருள், செவிகொடுக்கிற உள்ளம் என்பதாம். ஞானம் என்பது தலையில் ஏற்றிக்கொள்கிற சரக்கு அல்ல. கேட்கத் தெரிந்த மனம்.

நம்முடைய திருவள்ளுவரும் இதைத்தானே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்? 40-ஆம் அதிகாரம் கல்வி. 42-ஆம் அதிகாரம் கேள்வி. அதற்குப் பிறகுதான் 43-ஆம் அதிகாரம் அறிவுடைமை. படித்துவிட்டு, கேட்டுவிட்டு, பிறகு அறிவு. நடுவில் இருக்கிற கேள்வியைத் தாண்டிக் குதிக்க முடியாது.

மெல்லிய சீவல்

வேதத்தை எப்படிப் படிப்பது என்று பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன். அவர் பால்மரத்தைக் காட்டித்தான் பதில் சொன்னார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பால் இருப்பது பட்டையில். உளியால் மெல்லிசாக ஒரு சீவல் எடுக்க வேண்டும். மேலாக வெட்டினால் பால் வராது. பேராசைப்பட்டு ஆழமாக வெட்டினால் உள்மரம் புண்ணாகிவிடும், பிறகு அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். எனவே விடியற்காலையிலேயே வெட்ட வேண்டும்.

"வேதமும் அப்படித்தான். ஒரே நாள்ல பத்து அதிகாரம் ஓடாத. மேலாப்புல சீவிட்டும் போகாத. கொஞ்சமா, தெனமும், விடியறதுக்குள்ள."

பாட்டி தினமும் எட்டுப் பத்து வசனத்துக்கு மேல் படித்ததில்லை. படித்ததும் தன்னைத்தானே நான்கு கேள்வி கேட்பார். இதை யார் சொன்னது? யாருக்குச் சொன்னது? இதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது? இன்றைக்கு நான் என்ன செய்ய வேண்டும்? இந்த நான்கு கேள்விகளை நான் பிறகு என் வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்யுள் நடத்தும்போதும் பயன்படுத்தியிருக்கிறேன். எந்த நூலுக்கும் பொருந்தும்.

119-ஆம் சங்கீதம் வேதாகமத்திலேயே நீளமான அதிகாரம். 176 வசனம். முழுக்க முழுக்க வேதத்தின் மேல் உள்ள ஆசையைப் பற்றியது. அது எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டு வசனமாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஔவையார் ஆத்திசூடியை அகர வரிசையில் கொடுத்தாரே, அதுபோல. பிள்ளைகளும் பாமரரும் எழுத்தோடு சேர்த்து மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கமாக இருக்க வேண்டும். ஞானம் பண்டிதருக்கு மட்டும் என்றால், எதற்காக அகர வரிசை?

அடுத்தது, தனியாகப் படிக்காதீர்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் ஓர் எத்தியோப்பிய மந்திரி வருகிறார். ராணியின் கருவூலத்துக்கே அதிகாரி. ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவைப் படித்துக்கொண்டே போகிறார். பிலிப்பு ஓடிவந்து, படிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறார். அவ்வளவு பெரிய மனிதர், யாராவது சொல்லித்தராவிட்டால் எப்படி விளங்கும் என்று சொல்லி, அவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொள்கிறார். அதே புத்தகத்தில் பெரோயா பட்டணத்தார் வருகிறார்கள். பவுல் வந்து பிரசங்கித்ததையே, அது சரிதானா என்று தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டி எழுதியிருக்கிறது. கேட்டுக்கொள்ளவும் வேண்டும், சரிபார்க்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் படிப்பு.

எங்கள் லயத்தில் புதன்கிழமை சாயங்காலம் நான்கு பெண்கள் பாட்டியோடு உட்காருவார்கள். ஒருவர் படிப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அந்த நால்வரையும் வைத்துக்கொண்டு அப்பா தன் திட்டத்தைச் சொல்லியிருந்தால், இருபதாயிரம் வெள்ளி தப்பியிருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இன்றைய வீட்டில் நடப்பது

இன்றைக்கு நம் கையில் தொலைபேசி இருக்கிறது. விடிந்ததும் பூப்படத்தோடு ஒரு வசனம் வந்துவிடுகிறது. அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, வேதம் படித்துவிட்டோம் என்று திருப்தியடைகிறோம். அப்பா எடுத்தது வருடத்துக்கு ஓர் அட்டை. நாம் எடுப்பது நாளுக்குப் பத்து அட்டை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. பாட்டியின் அந்தக் கறுப்பு வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. ஓரங்களில் அவர் பென்சிலால் போட்ட சின்னச் சின்னக் கோடுகள். ரூத் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு கோடு. எரேமியா 29-இல் முதல் வசனத்திலிருந்து ஒரே நீளக் கோடு. என் பேத்திக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவளுடைய பாட்டியின் பாட்டி போட்ட கோடு அவளுக்கு வெறும் கோடுதான்.

ஞானம் தமிழில் மட்டும்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எந்த மொழியில் படித்தாலும் கடவுள் பேசுவார். ஆனால், ஒரு வெளிநாட்டுக்காரர் 24 வயதில் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்தார். ஒரு பால்வெட்டுக்காரி 50 வயதில் பேத்தியோடு மண்ணில் உட்கார்ந்தார். நம் பிள்ளைகளை நம் பக்கத்தில் உட்கார வைக்க நமக்கு மட்டும் நேரமில்லையா?

போன மாதம் என் பேத்தியை உட்கார வைத்தேன். தட்டில் அரிசியைப் பரப்பி 'அ' போடச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போட்டாள். மூன்றாம் நாள் அவளாகவே தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். இப்போது 'ஊ' வரை வந்திருக்கிறோம். ரூத்துக்குப் போக இன்னும் தூரம் இருக்கிறது. போவோம்.

அன்பர்களே, உங்கள் வீட்டில் எந்த வேதம் இருந்தாலும் சரி. துடைத்து வைத்தது போதும். உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று இரவு அதற்கு முன்னால் ஒரு பக்கமும் பின்னால் ஒரு பக்கமும் படித்துப் பாருங்கள். நீங்கள் விரும்பாத ஒன்று அங்கே எழுதியிருந்தால், அங்கேயே சற்று நில்லுங்கள். அப்பா நின்றது அந்த இடத்தில்தான். அதற்குப் பிறகுதான் அவர் நிமிர்ந்தார்.